திருமலையிலிருந்து திற்பரப்பு வரை

சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம், குமரி மாவட்டத்து முன்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்குகிறது சிவாலய ஓட்டம். தேங்காய்ப்பட்டணம் கடற்கரை அங்கிருந்து பக்கம்தான். கடலுக்கு முதுகைக் காட்டி மலையடிவாரம் வரை போய், கல்குளம், திருவிதாங்கோடு என்று சுற்றித் திருநட்டாலத்தில் முடிகிற பாதை. 12 சிவாலயங்கள், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், குன்றின் அடியில் காவி வெள்ளம். ஒவ்வொருவர் கையிலும் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீறும் சில்லறையும் முடிந்த சிறு துணிப்பை. ஓடி வந்து சன்னதியில் நின்றதும் முதலில் சாமிக்கு விசிற வேண்டும். மிச்சக் காற்று நமக்கு. இளவட்டங்கள் புறப்பட்ட வேகத்தைப் பார்த்து நானும் காலை எட்டிப்போட்டேன். பக்கத்தில் வந்த பெரியவர் தோளைத் தொட்டார். “இப்பளே ஓடாண்டாம் மக்கா, ராத்திரி முழுக்கக் கெடக்கு.”

சிவன் கோயிலுக்குப் போகிற கூட்டம் வழி முழுக்கக் கூப்பிடுவது “கோவிந்தா, கோபாலா” என்று. அதற்கு ஒரு கதை உண்டு. தருமரின் யாகத்துக்காக, பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தைத் தேடிப் போனான் பீமன். அது தீவிர சிவபக்தி கொண்டது. திருமால் பெயரைக் கேட்டாலே பாய்ந்து வரும். பீமன் கோவிந்தனைக் கூவிவிட்டு ஓடுவான். நெருங்கி வந்தால், கண்ணன் கொடுத்த 12 உருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போடுவான். அது லிங்கமாகும். மிருகம் நின்று பூசை செய்யும், அவன் மறுபடி ஓடுவான். அரியும் சிவனும் ஒன்று என்று இருவருக்கும் புரிவது நட்டாலத்தில். சீண்டலுக்குக் கூவிய பெயர் இன்று மூச்சுக்கு உதவுகிறது. முன்னால் போகிறவர் ஒரு பெயரை எறிய, பின்னால் வருகிறவர்கள் மற்றதைப் பிடிக்க, கால் தானாகத் தாளத்துக்கு வந்துவிடுகிறது.

திக்குறிச்சியில் தாமிரபரணியில் இறங்கி இரண்டாவது குளியல். ஈர வேட்டி தொடையில் உரசி எரியத் தொடங்குவதும் இங்கேதான். அனுபவசாலிகள் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றினார்கள்.

அதற்குப் பிறகு வருவது நீண்ட நடை. தக்கலைப் பக்கம் போய்விட்டால் கோயில்கள் அடுத்தடுத்து வரும். முதல் ராத்திரிக்கு அந்தச் சலுகை இல்லை. அமாவாசைக்கு முந்திய தேய்பிறை, நிலவுக்கும் வழியில்லை. சிதறால் மலை இருட்டில் கருத்துக் கிடந்தது. மேலே சமண தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையில் இப்போது பகவதியும் இருக்கிறாள். அருமனை, களியல் என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து போகிறது. தோட்டத்துக்குள் காற்று நின்றுபோய்ப் புழுங்கியது; விசிறி அப்போதுதான் எனக்குப் பயன்பட்டது.

ஆனால் எந்த முக்கிலும் யாராவது விழித்திருந்தார்கள். முற்றத்தில் மேசை போட்டு மோர், பானகம், சுக்குக் காப்பி, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு. வாசலில் சிலுவை வைத்த ஒரு வீட்டில் பாட்டி செம்போடு நின்று, “குடிச்சிட்டுப் போங்க மக்களே” என்று வருகிறவர்களையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றவர்களுக்கும் ஊற்றினாள்.

திற்பரப்பில் அருவி இரைச்சல் கோயிலுக்கு முன்பே வந்து சேர்ந்தது. மூன்றாவது குளியல், மூன்றாவது விசிறல். இன்னும் ஒன்பது பாக்கி. அடுத்தது திருநந்திக்கரை என்று கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. வேன் பிடித்து ஒரே பகலில் பன்னிரண்டையும் பார்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; சாமி குறைவாகவா தரப்போகிறார்? அவர்களுக்கு அந்தப் பாட்டி மட்டும் கிடைக்கமாட்டாள். பாவம், பீமனுக்கும் கிடைத்திருக்கமாட்டாள். பின்னால் மிருகம் துரத்துகிறவன் எந்த முற்றத்தில் நின்று காப்பி குடிக்க முடியும்?