நாலு பெட்டி, ரெண்டு பிட்

கார் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுறது நம்ம பிழைப்பு. அதனால அசெம்ப்ளி லைன் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அங்கே தப்பான பாகம் மாட்டின கார் ஒண்ணு வந்துட்டா, ரிப்போர்ட்ல முதல்ல விழுற வார்த்தை 'ஆபரேட்டர் கவனக்குறைவு'. கேட்டாலே எரிச்சலா வருதுங்க.

1913ல ஃபோர்டோட ஹைலேண்ட் பார்க் ஆலையில நகரும் லைன் வந்தப்போ ஓடினது மாடல் டி ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு வேலை, யோசிக்கவே வேணாம். (போரடிச்சே செத்திருப்பாங்க, அது வேற கதை.) இப்போ ஒரே லைன்ல பெட்ரோல், டீசல், சன்ரூஃப் வச்சது, வைக்காதது, ஏற்றுமதிக்குப் போற இடப்பக்க ஸ்டீயரிங்னு எல்லாம் கலந்துகட்டி வருது. நிமிஷத்துக்கு ஒரு கார்னா, அறுபது விநாடிக்குள்ள சீட்டைப் பார்த்து, சரியான பெட்டியில கைவிட்டு, எடுத்து மாட்டிடணும்.

இந்தச் சிக்கலை அளக்கவும் வழி இருக்கு. தகவலை அளக்க கிளாட் ஷானன் 1948ல கொடுத்த என்ட்ரோபியை, மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜாக் ஹூ, யோரம் கோரன் குழுவினர் 2008ல அசெம்ப்ளி லைனுக்குப் பொருத்திக் காட்டினாங்க. நாலு பெட்டியிலயும் சமமா எடுக்கணும்னா 2 பிட். எட்டுப் பெட்டின்னா 3.

அழகான கணக்குதான். ஆனா நாலுல ஒரு பெட்டி நூத்துக்கு 97 தடவை, மத்த மூணும் தலா ஒரு தடவைன்னு வச்சுக்கோங்க. விடை சுமார் 0.24 பிட். காகிதத்துல இது சுலபமான இடம்! நிஜத்துல கை 97க்குப் பழகிப் போயிருக்கும், அபூர்வமா வர்ற காருக்கும் தானா அதே பெட்டிக்குத்தான் போகும். 'இவ்ளோ சுலபமான இடத்துல எப்படிய்யா தப்பு பண்ணே?'ன்னு அந்த மனுஷன் வாங்கிக் கட்டிக்குவார்.

குறைக்க டொயோட்டா பாணியில ஒரு வழி உண்டு. ஒவ்வொரு காருக்கும் வேண்டிய பாகங்களை வேற ஒருத்தர் தனியா எடுத்து, ஒரே தட்டுல வச்சு அனுப்பிடுவார். மாட்டுறவர் தேடவே வேணாம். ஆனா தேர்ந்தெடுக்கிற வேலை ஒழியலை, இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். பெட்டிக்கு மேல விளக்கு எரியவிடுறதும் உதவும். நிஜமா ஒழியணும்னா டிசைன்லயே கை வைக்கணும்: எல்லா மாடலுக்கும் ஒரே பாகம், இல்லேன்னா தப்பான பாகம் உள்ளேயே போகாத மாதிரி துளை.

போன மாசம் ஒரு ஆலையில ரெண்டு பிராக்கெட் பார்த்தேன். ஒரே கறுப்பு, ஒரே வடிவம், துளை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி. ஒண்ணுக்காவது வேற பெயின்ட் அடிக்கலாமேன்னேன்.

"எதுக்கு சார்? பார்ட் நம்பர்தான் வேற வேறயா இருக்கே!"