சனத்துக்கு இடம் குடுக்கலாமா?

நம்மட இலங்கைக் கிரிக்கெட் வீரர் முரளி, சங்கா, மஹேல, அரவிந்த எல்லாரும் ஐசிசி புகழ் மண்டபத்துக்குள்ள. சனத் ஜயசூரிய மட்டும் வெளியில!

தேற்றாத்தீவுக் கடக்கரையில தென்னமட்டையால விளையாடக்குள்ள, ஒவ்வொரு பந்துக்கும் முந்தி காலையும் தலையையும் தொட்டுப் பாப்பம். காலில பேடும் இல்ல, தலையில ஹெல்மெட்டும் இல்ல, ஆனா சனத் அப்பிடித் தொடுவாரே!

ஒருநாள் ஆட்டத்தில 13,430 ஓட்டம், 323 விக்கெட். 1996 உலகக் கிண்ணத் தொடர் நாயகன். இதுக்கு மேல என்ன வேணும்?

"2019இல ஊழல் விசாரணைக்கு ஒத்துழைக்காம ரெண்டு வருசத் தடை வாங்கினவர் மச்சான்" எண்டான் கூட்டாளி. உண்மைதான், சின்னப் பிழையில்ல. ஆனா ஆட்டத்த வித்தாரெண்டு தீர்ப்பு வரல்லையே. தண்டனையும் முடிஞ்சு, 2024இல தேசிய அணிக்கே பயிற்சியாளராப் போட்டாங்க.

என்ட வாக்கு சனத்துக்குத்தான். தடையையும் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.