பெயரில்லாதது தன்னை அழைக்கும் முறை

ஒரு சார்பினுட் புகுந்தும் மாறாது வெளிவரும் பெறுமானத்தை அச்சார்பின் நிலைப்புள்ளி என்பர். வர்க்கிக்கும் சார்புக்குச் சுழியமும் ஒன்றும் அத்தகையன. இவ்வளவில் எவருக்கும் இடர்ப்பாடில்லை. அலன்சோ சேர்ச் 1930களில் வகுத்த லம்டாக் கணிதத்திலேதான் சிக்கல் எழுகின்றது. அங்கே சார்புகளுக்குப் பெயரில்லை. ஐந்து முதல் ஒன்று வரையான எண்களின் பெருக்கத்தைக் காண, நான்கு முதலான பெருக்கத்தை அறிதல் வேண்டும். அதற்கு மூன்று முதலானது. இவ்வாறு சார்பு தன்னையே மீள அழைத்தல் வேண்டும். பெயரற்றது தன்னை எவ்வாறு அழைக்கும்?

தோட்டத்திலே வளர்ந்தவனை இவ்வினா சற்று உறுத்தவே செய்யும். எங்கள் வழக்கிற் "பேர்" என்றால் ஒரு நாட்கூலி. நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாதவனுக்கு அன்றைய நாளே இல்லை.

விடை எளியது, ஆயினும் அது பிடிபட எனக்குப் பல வாரங்கள் சென்றன. சார்பின் படியொன்றை அதனிடமே உள்ளீடாகக் கொடுத்துவிட்டாற் போதும். வேண்டும்போது அது அப்படியை இயக்கும். இயக்கும்போது அதற்கும் ஒரு படியைக் கையளிக்கும். எந்தச் சார்புக்கும் இவ்வேற்பாட்டைச் செய்து தருவதே நிலைப்புள்ளி இணைப்பி. அலன் ரியூரிங் 1937இல் ஒன்றை வெளியிட்டார். ஹஸ்கெல் கறியின் பெயரால் வழங்குவது மற்றொன்று.

ஆனால் இணைப்பி தொடக்கத்தைத் தருவதில்லை. "ஒன்றிற்கு விடை ஒன்று" என்பது விதியிலேயே இருத்தல் வேண்டும். உள்ளதை உள்ளவாறே திருப்பித் தரும் சார்புக்கு எப்பெறுமானமும் நிலைப்புள்ளியே. எனினும் அதனை இணைப்பியிடம் கொடுத்தால் எதுவும் கிடையாது, முடிவின்றிச் சுழலும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை இதன் பின்னரே வாசித்தேன். அதிலும் ஒரு மீள்விதி உண்டு: தந்தை பிரசையாயின், இனிப் பிறக்கும் பிள்ளையும் பிரசை. தனியே நோக்கிற் குற்றமற்ற விதிதான். ஆனால் ஒருவரேனும் பிரசையாகாத பரம்பரையும் அவ்விதியை வழுவின்றி நிறைவு செய்கின்றதே! வம்சாவளிக்குத் தொடக்கமாக வைக்கப்பட்டது, தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் அவர் தந்தையுமோ இலங்கையிற் பிறந்தமை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால்வெட்டிய என் பாட்டனாரிடம் அவருடையதோ அவர் தந்தையுடையதோ எப்பிறப்புச் சான்றிதழும் இருக்கவில்லை.

அவர் 1980களின் தொடக்கத்தில் நாடற்றவராகவே மறைந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒருசாராருக்கு வழி திறந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ மீள்விதியைத் தொடாது புதியதொரு தொடக்கத்தை வகுத்தது: 1964 ஒக்தோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர், அவர்தம் வழித்தோன்றல்கள். பூட்டனாரின் பிறப்பிடத்தை எவரும் எங்களிடம் மீண்டும் கேட்கவில்லை.