மலைப்பாதையில் வந்த பெட்ரோல் வாடை

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் குளிரைச் சொல்வார்கள், தேயிலையைச் சொல்வார்கள். எனக்கோ அந்தப் பாதை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல் வாடைதான்!

1984-ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறை. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் எங்கள் லயம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த சின்னம்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பேர் வைக்கும் சடங்கு. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை வைக்க வேண்டும். எனவே மாமா தம் பழைய காரிலேயே பாட்டி, அம்மா, நான், தங்கை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டார்.

தாப்பாவில் பசியாறிவிட்டு மலையேறினோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எல்லாம் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. "மேடு ஏறுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. பாட்டி விடவில்லை. "நிறுத்துப்பா. பிள்ளைங்க இருக்குதுங்க."

நீர்வீழ்ச்சிக்கு எதிரே அகலமான இடத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். இறங்கியதும் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார். பாட்டி அவர் கையிலேயே ஓர் அடி வைத்தார். அந்த ஓர் அடிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் காருக்கு அடியிலும் தரையிலும் படிந்து நிற்கும். ஒரு பொறி போதும்.

எங்களைத் தூரத்தில் உட்கார வைத்துவிட்டு, இஞ்சின் சூடு ஆறும்வரை மாமா காத்திருந்தார். பிறகு காருக்கு அடியில் முன்னும் பின்னும் பழைய செய்தித்தாளை விரித்தார். பின்பக்கத் தாள் காய்ந்தே இருந்தது, முன்பக்கத் தாள் நனைந்தது. ஆகவே ஓட்டை பெட்ரோல் தொட்டியில் இல்லை, இஞ்சின் பக்கம். மூடியைத் திறந்து ஈரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சாண் நீள ரப்பர் குழாய், கவ்வி இறுக்கியிருந்த இடத்தில் கிழிந்திருந்தது.

பாட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கை அது. "என்னப்பா இது, ஆசிட் ஊத்தின பால் கட்டியாட்டம் கொழகொழன்னு இருக்கு! எந்தக் குழாய மாட்டின?"

மாமா தலையைக் குனிந்தார். மூன்று மாதத்துக்கு முன் பழைய குழாய் வெடித்தபோது, கைக்குக் கிடைத்த தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி அவரே மாட்டியிருந்தார். மரத்துப் பாலில் செய்த ரப்பர் பெட்ரோலைக் குடித்து உப்பி இளகிவிடும். சைக்கிள் டியூப் ஒட்டும் பசையே ரப்பரைப் பெட்ரோல் போன்ற எண்ணெயில் கரைத்துச் செய்வதுதானே! அதனால்தான் பெட்ரோலுக்கென்று செயற்கை ரப்பரில் தனிக் குழாய் செய்கிறார்கள்.

"துணியைச் சுத்திக் கட்டிட்டு மெதுவா போயிரலாம்மா. நேரமாச்சு" என்றார் மாமா. பாட்டி மறுத்தார். "பேர் நாளைக்குக்கூட வைக்கலாம். பிள்ளைங்க உசுரு வருமா?"

சற்று நேரத்தில் மேலே போகும் பேருந்து வந்தது. அரைஞாண் கொடியை முந்தானையில் முடிந்துகொண்டு பாட்டி ஏறினார். அம்மாவும் தங்கையும் கூடப் போனார்கள். கீழே இறங்கிய காய்கறி லோரியின் சீன ஓட்டுநரிடம், கழற்றிய குழாயை அளவுக்குக் கொடுத்துப் பணமும் தந்தார் மாமா. பம்பின் வாயில் குச்சியைச் செதுக்கி அடைத்தோம். ஒரு டின் நிறைய மணல் அள்ளி வைத்தோம். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும். மணல்தான் மூடி அணைக்கும்.

பூர்வகுடி மக்கள் பெத்தாய் விற்ற கடையோரம் நாங்கள் காத்திருந்தோம். பன்னிரண்டு மணி கடந்தபோது மாமா நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். மூன்று மணிக்குமேல் வந்த பேருந்தின் நடத்துநர், தாப்பாவில் அந்த லோரிக்காரர் கொடுத்தனுப்பிய புதுக் குழாயையும் இரண்டு கவ்விகளையும் மீதிக் காசையும் நீட்டினார். அந்த லோரிக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

குழாயை மாட்டி, கவ்விகளை இறுக்கி, சிந்தியதெல்லாம் காய்ந்தபின் இஞ்சினைக் கிளப்பினார். பத்து நிமிடம் ஓடவிட்டு இணைப்புகளில் காகிதத்தை ஒற்றிப் பார்த்தோம். ஈரமே இல்லை. அதன்பிறகுதான் புறப்பட்டோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் லயத்தை அடைந்தால், வாசலில் பாய் விரித்தபடியே இருந்தது! "தாய்மாமன் வராம பேரா?" என்று அந்த லயமே காத்திருந்திருக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டே பிள்ளையை மடியில் வாங்கிய மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன.

இன்று நெடுஞ்சாலையில் தாப்பாவுக்கு விரைந்து வந்துவிடலாம். இக்காலக் கார்களில் பெட்ரோல் பெரும் அழுத்தத்தில் பாய்வதால், மாமா செய்ததுபோல் நாமே கழற்றக் கூடாது. பட்டறைக்காரரை அழைப்பதே நல்லது. ஆனால் வாடை வந்தால் நிறுத்துங்கள், பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள், நெருப்பை அண்டவிடாதீர்கள். இந்த மூன்றும் எந்தக் காருக்கும் பொருந்தும். நல்ல நேரம் நமக்காகக் கொஞ்சம் காத்திருக்கும்.