வட்டியில்லாத வாகனம்



இராசிபுரத்திலுள்ள எம் வீட்டிலிருந்து நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஃபஜ்ர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் பிள்ளைகள் வந்து அமர்ந்துவிடுவர். அந்நேரத்துக்குப் பேருந்து இல்லை. பல ஆண்டுகள் எம்மைத் தம் வண்டியில் அழைத்துச் சென்ற நண்பர் சென்ற ஆண்டு வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

"தவணையில் ஒரு பைக் எடுத்துவிடுங்கள், ஹழ்ரத். உங்கள் மதிப்புக்கு அதுதான் சரி" என்றனர் ஜமாஅத்தார். விண்ணப்பத்தை நிரப்பியும் விட்டோம். கையெழுத்திடும் இடத்தில்தான் கை நின்றது. வட்டி ஹராம் என்பதை ஸூரா அல்பகராவின் 275ஆம் வசனத்தைக் கொண்டு மாணவர்களுக்கு விளக்கியதும் அதே வாரம்தான். கையில் ரொக்கமாக இருந்தது எட்டாயிரம் ரூபாய். அதற்குள் அடங்குவது மிதிவண்டி ஒன்றே.

பதினோராம் வகுப்பில் அரசு அளித்த விலையில்லா மிதிவண்டி, மகள் படிப்பை முடித்தபின் வீட்டில் சும்மா நின்றது. முதலில் அதை ஓட்டிப் பார்த்தோம். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. வாகனம் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பது அன்றே புரிந்தது. இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கிய மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம்.

கடைக்குச் சென்றபோது எம் இளைய மகன் கியர் வண்டியைக் காட்டினான். பார்வைக்கு அழகுதான். ஆனால், எம் வழியில் மேடுகள் குறைவு. கியர் பழுதானால் சரிசெய்யக் கிராமத்துச் சைக்கிள் கடையில் ஆளும் இல்லை, உதிரி பாகமும் இல்லை. முக்கியமாக, அதற்கு மட்கார்டு இல்லை. மழைநாளில் தெருச் சேறு ஜுப்பாவில் தெறித்தால், அதே ஆடையோடு எவ்வாறு தொழ நிற்பது? ஆகவே மட்கார்டு, சங்கிலியை முழுதும் மூடும் உறை, கிதாபுகளைக் கட்டக் கேரியர் ஆகியவை கொண்ட பழைய பாணிக் கறுப்பு வண்டியையே வாங்கினோம். மிச்சப் பணத்தில் முன்விளக்கும், பின்னால் ஒளிரும் சிவப்பு வில்லையும் பொருத்தினோம்.

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு அஞ்சி, மரவள்ளிக் காடுகளுக்கு இடையிலான ஊர்ச் சாலையில் செல்கிறோம். அங்கே சீமைக்கருவேல முள் காத்திருக்கிறது. முதல் மாதத்தில் மூன்று முறை பஞ்சர். முழங்கால் வலி இரண்டு வாரத்தில் போயிற்று. சித்திரை வெயிலில் திரும்பி வருவது இன்றும் கடினமே.

ஆனால், முள்ளைவிட வருத்தியது மகன் சொன்ன சொல்: "அத்தா, எங்க பள்ளிக்கூடத்து வழியா மட்டும் வராதீங்க."

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தபோது, நம் சமுதாயப் பெண்களும் கேலியைத் தாங்கிக்கொண்டு ஓட்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உஃபைர் என்னும் கழுதையில் முஆத் (ரலி) அவர்களைப் பின்னால் அமர்த்திச் சென்றதை புகாரியில் காண்கிறோம். அடியார்கள்மீது அல்லாஹ்வுக்குள்ள உரிமை என்ன என்னும் மாபெரும் பாடம் அந்தப் பயணத்தில்தான் கற்பிக்கப்பட்டது. ஏறிய வாகனம் பாடத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை.

இதை மகனுக்கும் சொன்னோம். ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டவன் கேரியரில் ஏறிக்கொண்டான். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை இருவரும் ஓதினோம். பள்ளிக்கூடத்துக்கு முந்தைய திருப்பத்திலேயே இறங்கிக்கொண்டான். நாம் கடிந்துகொள்ளவில்லை. நாலு பேர் பார்வைக்கு அஞ்சி விண்ணப்பத்தை நிரப்பிய கை எம்முடையதுதானே?

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஹலாலில் நிறைவையும், மனிதர்களைவிட அவனுக்கே அதிகம் வெட்கப்படும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.