இன்ஜின் ஓடுமா, ஓடாதா?

பெர்லின் போறீங்களா பாஸ்? ஞாயிற்றுக்கிழமைன்னா மியூசியத்தைத் தள்ளி வெச்சுட்டு, மவுவர்பார்க் பழைய பொருள் சந்தைக்கு ஒரு விசிட் அடிங்க. 1989 வரை ஊரை ரெண்டாப் பிரிச்ச சுவர் ஓடின இடம் அது. இப்ப பழைய கேமரா, கோட்டு, இசைத்தட்டுன்னு கடை பரப்பியிருப்பாங்க.

அந்தக் குவியலுக்குள்ள குட்டி ரயில் இன்ஜின் ஒண்ணு கண்ணுல படுதுன்னு வெச்சுக்குங்க. கிழக்கு ஜெர்மனி காலத்து ஹெச்.ஓ. மாடல். அதாவது, நிஜ இன்ஜின்ல 87-ல் ஒரு பங்கு. விலை 20 யூரோ. 'ஓடாது'ன்னு கடைக்காரரே சொல்லிடறார். உங்க பாக்கெட்ல இருக்கறதும் அதே 20-தான். வாங்கலாமா?

முதல்ல மோந்து பாருங்க. கருகின வாடை வந்தா மோட்டார் காயில் அவுட். கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. வாடை இல்லையா? 9 வோல்ட் பேட்டரியோட ஒரு முனையை இடது சக்கரத்துலயும், இன்னொண்ணை வலது சக்கரத்துலயும் தொட வைங்க. 'உர்ர்'னு சத்தம் வந்தா உயிர் இருக்கு. எண்ணெய் காய்ஞ்சிருக்கலாம், சுத்தம் செஞ்சா போதும். பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தா மட்டும் பார்ட்ஸ் தேடி அலையணும். சத்தமே இல்லைன்னா அழுக்கோ, தேய்ஞ்ச கார்பன் பிரஷ்ஷோ காரணமா இருக்கலாம்.

இன்னொண்ணு... உங்ககிட்ட இருக்கறது மார்க்லினோட ஹெச்.ஓ. ட்ராக்கா? அதுக்கு நடுவுல தனி மின்தொடர்பு உண்டு. ரெண்டு தண்டவாளத்துல கரன்ட் எடுக்கற டி.சி. இன்ஜின் அதுல நகராது. சுவர் விழுந்தும் இந்த ரெண்டும் சேரலை!

பல்சக்கரம் நல்லா இருந்தா 12 யூரோவுக்குக் கேளுங்க. ஓடாம மேஜை மேல நின்னாலும் சந்தோஷம்தான்னு தோணினா வாங்குங்க. 'எப்படியும் ஓட வெச்சிடுவேன்'ங்கிற வீம்புக்காக ராத்திரி சாப்பாட்டைப் பணயம் வெக்காதீங்க!