கேழ்வரகுக் குழியும் கிஸ்திக் கெடுவும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்க வருவதுண்டு. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பசலி, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் இவருக்கு அத்துப்படி என்ற நம்பிக்கை. ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் யார் என்றால், தாமஸ் மன்றோ என்று பட்டென்று சொல்கிறார்கள். அந்த முறை ஒரு குடியானவன் வீட்டு அடுப்பை என்ன செய்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். "ரயில் விட்டான், அணை கட்டினான், கோர்ட்டு வைத்தான். வெள்ளைக்காரன் ஆட்சி அவ்வளவு மோசமா தாத்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. நாளைக்கு அரசாங்க நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

நான் பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம், பழைய பாராமகால் சீமை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த மன்றோவும் ரயத்துவாரியை முதன்முதலில் நடத்திப் பார்த்தது இந்த மண்ணில்தான். இடையில் ஜமீன்தார் இல்லை, குடியானவன் நேரே சர்க்காருக்குக் கட்ட வேண்டும். காகிதத்தில் படித்தால் நல்ல ஏற்பாடாகத் தெரியும். கட்ட வேண்டியது ரொக்கம், அதுவும் கெடு தேதிக்குள், என்பதில்தான் விஷயம் இருந்தது.

எங்கள் பக்கம் கேழ்வரகுதான் உயிர். வீட்டுக்குப் பக்கத்தில் மேடான இடமாகப் பார்த்து ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டுவார்கள். அடியிலும் சுற்றிலும் வைக்கோலை நெருக்கி அடுக்கி, நன்றாகக் காய்ந்த கேழ்வரகை உள்ளே கொட்டி, மேலே மறுபடி வைக்கோல் போட்டு மண்ணால் மூடி மெழுகிவிடுவார்கள். கேழ்வரகைப் பூச்சி லேசில் அண்டாது. வருஷக் கணக்கில் கெடாமல் கிடக்கும். திறக்கும்போது மூடியை எடுத்துவிட்டு, உள்ளே அடைந்த காற்று போகிறவரை இறங்காமல் காத்திருக்க வேண்டும். ஒரு மழை பொய்த்தால் அந்தக் குழி தாங்கும், இரண்டு மழை பொய்த்தாலும் ஓரளவு தாங்கும்.

கிஸ்தி எனும் அந்த நிலவரி ரொக்கமானதும், கதிர் களத்துக்கு வந்த கையோடு தானியத்தை விற்றாக வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை என்னவாகும்? அடிமாட்டு விலைக்கு வாங்கிய வியாபாரியிடமே ஆடி மாசம் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டிய நிலை வந்தது. மழை பொய்த்த வருஷத்தில் வரித் தள்ளுபடி கிடைப்பது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. குழியில் கிடக்க வேண்டிய தானியம் இப்படிக் கிஸ்தியாக மாறி கஜானாவுக்குப் போனது.

கஜானாவிலிருந்து எங்கே போனது? கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். லண்டனில் பங்குதாரர்கள் லாபத்துக்குக் காத்திருந்தார்கள். 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கிடைத்த பிறகு, அங்கே வசூலித்த வரிப்பணத்தைக் கொண்டே சரக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1858இல் ராணியின் நேரடி ஆட்சி வந்த பிறகும், சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி என்று ஆண்டுதோறும் பணம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. தாதாபாய் நவ்ரோஜி தம் வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். முந்தைய ராஜாக்கள் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களும் கசக்கி வாங்கினார்கள். சாதியின் பேரால் ஒரு காணி நிலம்கூட இல்லாதவர்கள் எல்லா ஆட்சியிலும் இருந்தார்கள், பஞ்சம் வந்தபோது முதலில் செத்ததும் அவர்கள்தான். ஆனால் அந்த ராஜாக்கள் வாங்கியது பெரும்பாலும் இந்த ஊரிலேயே கோயிலாக, ஏரியாக, கூலியாகச் செலவானது.

ஏரிகளின் கதையும் இதோடு சேர்ந்ததே. தூர் வாருவதும் கரை பலப்படுத்துவதும் ஊர்க்காரர்கள் கூடிச் செய்த குடிமராமத்து. ஊர்ப் பொதுவுக்கென்று விளைச்சலில் ஒதுக்கிய பங்கு வரிக்குள் கரைந்தது, வேலை மட்டும் ஊரார் தலையில் நின்றது. ஆள் வராமல் போகவே, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். மனசாரச் செய்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க முடியவில்லை.

இந்த நிலையில் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது. என் பாட்டியின் அம்மா அப்போது சிறுமி. எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துப் புடைத்துக் கஞ்சி காய்ச்சியதைப் பாட்டி சொல்லும்போது குரல் மாறிவிடும். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார் வைசிராய் லிட்டன். அதே மாதம், லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சத்தை மேற்பார்வையிடத் தெற்கே வந்தார்.

டெம்பிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றியவர் இவரேதான். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்தது பாராட்டல்ல, பணத்தைக் கொட்டிவிட்டார் என்ற கண்டனம். இரண்டே வருஷத்தில் ஆள் மாறிவிட்டார். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, நாள் முழுக்க மண் சுமக்க, 450 கிராம் தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இதில் மனிதன் உயிரோடு இருக்க முடியாது, 680 கிராமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் 570 கிராமும் கொஞ்சம் பருப்பும் என்று பாதி வழி இறங்கி வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது கணக்கு. அந்தப் பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை கப்பலேறியது.

ரயில் விட்டானே என்றாயே பிள்ளை, ரயில் தானியத்தைப் பஞ்சப் பகுதிக்குக் கொண்டும் வந்தது. அதே ரயிலில்தான் வியாபாரிகள் ஊர்த் தானியத்தை வாரிக்கொண்டுபோய்ப் பெரிய கிடங்குகளில் அடைத்து விலையை ஏற்றினார்கள். வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்பது சர்க்காரின் கொள்கை. சென்னையில் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிக் கருப்பாக ஒரு கால்வாய் தேங்கிக் கிடக்கிறதே, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பிழைத்தவர்களில் பலர் ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது, அவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேயே கொழுந்து பறித்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் போக ஆசை என்று அந்தக் குடும்பங்களைக் கேட்டா இந்த எண்ணிக்கையை முடிவு செய்தார்கள்? வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும் அவன் வழக்கம் போகவில்லை.

அணை கட்டினான் என்றாயே, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கைத் தேனி மக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். அந்த நன்றி நியாயமானது. கார்னிஷும் வெள்ளைக்காரர்தான். ஆகவே ஒரு இனத்தை வெறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, டெம்பிள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை. செலவைக் குறைத்தாயா என்று கேட்க மேலே லிட்டன் இருந்தார். ஏன் என் பிள்ளையைச் சாகவிட்டாய் என்று சேலத்துத் தாய் அவரைக் கேட்க வழியே இல்லை. அடிமை ஆட்சி என்பதற்கு நான் கண்ட பொருள் இதுதான். சுதந்திர நாட்டில், தேர்தலும் பத்திரிகையும் இருக்கிற இடத்தில், பெரும் பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் எழுதியதும் இதே காரணத்தை வைத்துத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும், மனு கொடுக்க வந்த பெரியவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். அப்படி நிற்க வைப்பது அவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரும்போது, வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். பயிர் ஆய்வுக்கு வயலில் இறங்கிப் போங்கள். பயிர் சாவியா, விளைச்சலா என்பதை ஆபீசில் இருந்தபடி எழுதாதீர்கள். ஏரி மதகையும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு, வரப்பில் நிற்கிற பெண்ணிடம் வீட்டில் எத்தனை மாசத்துக்குத் தானியம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் இடம் கிடையாது. தனி நோட்டில் எழுதி வைத்து, ஜமாபந்தித் தணிக்கை அன்று மேலதிகாரி முன்னால் சத்தமாக வாசியுங்கள்.